குப்பை வைக்காத வீடு

எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை தரம் பிரிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பிறகு எனக்கு ஏற்பட்ட மானக்கேடு எவ்வளவு என்பது விளங்கும்.

கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலேறும் ஒடுங்கிய தெரு அந்த ஒழுங்கை. முன்பெல்லாம் ஆளாளுக்கு ஒரு பையைக் கட்டி ஒழுங்கை முகப்பில் எறிந்துவிட்டுப் போவார்கள். நாய் இழுக்கும், காகம் கொத்தும், மழை பெய்தால் எல்லாம் வழிந்து வீதிக்கு ஓடும். நகரசபை தரம் பிரித்து வையுங்கள் என்று சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்தான் அரசாங்கக் கச்சேரியில் வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறி இறங்கினேன். பச்சை வாளியில் சமையல் கழிவு, நீல வாளியில் கடதாசி, செம்மஞ்சள் வாளியில் பிளாஸ்டிக். பால்மாப் பைக்கற்றைக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். கலந்து வைத்தால் லொறி எடுக்காது. தமிழிலும் சொன்னேன், எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன். பக்கத்து வீட்டு மர்சூக், டவுனில் புடைவைக் கடை வைத்திருப்பவர், “கச்சேரில வேல செய்ற மனிசன் சொன்னா கேக்கத்தானே வேணும்” என்று சிரித்துக்கொண்டே மூன்று வாளி வாங்கினார். ஒழுங்கை முழுவதும் திருந்திவிட்டது. திருந்தாதது என் வீடு மட்டும்.

முதல் வில்லங்கம் கிழமையில் தொடங்கியது. லொறி வருவது செவ்வாயும் வெள்ளியும். என் மனைவி இரஞ்சிதம் அதைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

“செவ்வாய் வெள்ளியில வீட்டில இருந்து ஒண்டும் வெளியில போகக்கூடாது. உங்களுக்குத் தெரியாதோ?”

“இது குப்பையப்பா. லட்சுமி குப்பைக்குள்ளேயோ இருக்கிறா?”

“எனக்கு அந்த விண்ணாணம் வேண்டாம். லொறி வாற நாளை மாத்தச் சொல்லுங்கோ.”

நகரசபையிடம் போய், என் பெண்சாதிக்கு வெள்ளிக்கிழமை ஆகாது, லொறியை வியாழன் அனுப்புங்கள் என்று கேட்கச் சொல்கிறாள்! பெரிய வாதத்துக்குப் பிறகு ஒரு சமாதானம் வந்தது. திங்களும் வியாழனும், விளக்கு வைக்க முன்னர், வாளிகளை வாசற் படலைக்கு வெளியே வைத்துவிடுவது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதுவும் போகவில்லை. அது வியாழனே போய்விட்டது. அரசாங்கத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்த எனக்கே வராத மூளை அது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மகன் யாழ்ப்பாணம் போனான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, நிரூபன். பேராதனையில் பொறியியல் படித்து அந்த வருடந்தான் முடித்தான். அவன் பாஸ் பண்ணினால் நல்லூர்த் திருவிழாவில் பிரதட்டை செய்விக்கிறேன் என்று இரஞ்சிதம் நேர்ந்து வைத்திருந்தாள். உருளப் போவது பிள்ளை, நேர்ந்தது தாய். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். பேருக்கு யுத்த நிறுத்தம் இருந்தது, ஆனால் நாளாந்தம் எங்கேயோ கிளைமோர்க் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் போகட்டும் என்று நான் சொன்னேன். முருகனுக்குத் தவணை சொல்வதா என்று அவள் சண்டைக்கு வந்தாள். “நாலு நாள்தானே அப்பா, போயிட்டு ஓடி வாறன்” என்று அவன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சொன்னான்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் வெளிக்கிட்டான். தாய் திருநீறு பூசிவிட்டாள். ஓட்டோ ஒழுங்கையால் இறங்கியது. படலைக்கு வெளியே நின்ற வாளிகளை, லொறிக்காரர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, வீதி ஓரமாகத் தூக்கி வைத்தேன். அதுவும் ஒரு குற்றமா?

“பிள்ளை ஒழுங்கை தாண்ட முதல் குப்பையைத் தூக்கிறியளே! உங்களுக்கு அறிவில்லையோ?”

தமிழ் வீடுகளில் பிறந்தவர்களுக்கு இது தெரியாதிருக்காது. ஒருவர் பயணம் புறப்பட்டால், அவர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வீடு கூட்டக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, தலை முழுகக்கூடாது. சவம் எடுத்த வீட்டில்தான் ஆள் வெளிக்கிட்ட கையோடு இவற்றைச் செய்வார்கள். சாதாரண நாட்களில் இதனால் பெரிய தொல்லை இல்லை. கொழும்புக்குப் போனவன் மத்தியானம் கோல் எடுத்து “வந்திட்டன்” என்பான், இவள் உடனே தும்புத்தடியைத் தூக்குவாள். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். “மத்தியானம் கோல் எடுப்பான், சும்மா இரும்” என்றேன். லொறி வந்தது. லொறியில் குப்பை ஏற்றும் மஹய்யாவ வீரம்மா வழக்கம்போல வாளிகளைத் தட்டிக் கொட்டி, “ஐயா வீட்டுக் குப்பதான் குப்பை” என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஓமந்தைச் சோதனைச்சாவடியிலிருந்து நிரூபன் கதைத்தான். செக்கிங் முடிந்தது, வன்னிக்குள்ளே போகிறேன், இனி சிக்னல் இருக்காது, பின்னேரம் மறுபக்கத்துச் சாவடியான முகமாலையைத் தாண்டி, கொக்குவிலில் மாமா வீட்டுக்குப் போனதும் எடுக்கிறேன் என்றான். பின்னேரம் கோல் வரவில்லை. முகமாலையில் சண்டை தொடங்கிவிட்டது, பாதை பூட்டியாயிற்று என்று வானொலி சொன்னது. யாழ்ப்பாணம் முழுக்க ஊரடங்கு. அங்குள்ள தொலைபேசி ஒன்றும் வேலை செய்யவில்லை. பிள்ளை முகமாலையைத் தாண்டினானா, தாண்டவில்லையா, தாண்டும் நேரத்தில் அங்கேயே நின்றானா என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை.

அடுத்த திங்கள் பின்னேரம் வாளிகளைத் தூக்கப் போனேன். இரஞ்சிதம் குசினி வாசலில் குறுக்கே நின்றாள்.

“வையுங்கோ கீழே.”

“நாளைக்கு லொறியப்பா.”

“பிள்ளை போய்ச் சேர்ந்த சேதி வந்ததோ? வரேல்லைத்தானே. வையுங்கோ கீழே.”

அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தேன். இரண்டொரு நாளில் சேதி வரும், இதற்கு ஏன் சண்டை என்று நினைத்தேன். எனக்கு வந்த புத்தி அது.

செவ்வாய் போனது, வெள்ளி போனது. மறு செவ்வாயும் போனது. வாளிகள் நிரம்பி வழிந்தன. பிறகு பழைய அரிசிப் பைகள் நிரம்பின. வீடு கூட்டுவதில்லை, தூசியைத் துணியால் ஒதுக்கி மூலையில் குவித்து வைத்தாள். தலைக்கு முழுகாமல் மேலுக்கு மட்டும் வார்த்தாள். ஒழுங்கையிலேயே ஒழுங்காகத் தரம் பிரித்த குப்பை என் வீட்டுக் குசினியில் நின்று நாறியது. கடதாசிக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒன்றும் ஆகாது, கிடக்கட்டும். மீன் தலையும் பழஞ்சோறும் தேங்காய்ப் பூவும் கிடக்குமா? மூடியைத் திறந்தால் கண் எரிந்தது. மூலைக்கு மூலை இலையான் மொய்த்தது. நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்கு ஓடினேன்.

“சரி, வெளியில வைக்க வேண்டாம்,” என்றேன் ஒரு நாள். “பின் வளவுக்குள்ள ஒரு கிடங்கு வெட்டிப் புதைப்பம். அது எங்கட காணிதானே.”

“புதைக்கிறதோ?” அவளுடைய குரல் எங்கேயோ போய்விட்டது. “என்ன கதை கதைக்கிறியள்?”

“அப்ப கடதாசியையாவது எரிப்பம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குப்பையை ஒன்றில் கொட்ட வேண்டும், அல்லது புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். மூன்றும் ஆகாது என்றால் மனிதன் என்னதான் செய்வது? சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். பச்சை வாளியில் இருந்ததில் கொஞ்சத்தை இரண்டு பைக்குள் கட்டி, வேலைக்குக் கொண்டுபோகும் கந்தோர் பாக்குக்குள் வைத்து, அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் போனேன். வழியில் எங்காவது நகரசபைத் தொட்டிக்குள் போட்டுவிடலாம் என்பது எண்ணம். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஆமிக்காரன் மறித்தான். அந்த நாட்களில் எல்லோருடைய பாக்கும் திறந்து பார்ப்பார்கள், அதிலும் என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். திறந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மொகத்த மே?” என்றான். என்ன இது என்று கேட்கிறான்.

“குணு, மாத்தயா,” என்றேன். குப்பை.

ஏன் குப்பையைக் கந்தோருக்குக் கொண்டுபோகிறாய் என்று அடுத்த கேள்வி. என் சிங்களத்தில் சம்பள நிலுவை விளக்கலாம், ஓய்வூதியம் விளக்கலாம். மகன் பயணம் போனான், சேதி இல்லை, அதனால் என் மனைவி குப்பை கொட்ட விடுகிறாள் இல்லை, அதனால் நான் களவாகக் கொண்டுபோகிறேன் என்பதை எப்படி விளக்குவது? மகன் எங்கே போனான் என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்றல்லவா சொல்ல வேண்டும்! நான் முழுசினேன். முழுசுகிறவனை விடுவார்களா? ஓரமாக நிறுத்தினார்கள். அவர்களில் பெரிய அதிகாரி ஒருவன் வந்து ஒரு தடியால் பைகளைக் குத்திக் கிளறினான். சூரை மீன் தலை ஒன்று வெளியே வந்து எங்கள் எல்லோரையும் பார்த்தது. கந்தோருக்குப் போகிற சனம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துப் போனது. வெயில் ஏறிய பிறகுதான் விட்டார்கள். குப்பையை அங்கே போட விடவில்லை. வந்த வழியே அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

இரஞ்சிதம் பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கிப் பச்சை வாளிக்குள் திரும்பப் போட்டாள்.

பிறகு மர்சூக் வந்தார். படலைக்கு வெளியே நின்று, முதலில் கேட்க வேண்டியதை முதலில் கேட்டார்.

“மகன்ட சேதி ஏதும் வந்திச்சா, ராஜா அண்ணன்?”

“இல்லை.”

“அல்லாஹ் பாத்துக்குவான். எங்கட ஊட்டுல ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேக்குறோம்.” கொஞ்ச நேரம் படலைக் கம்பியைத் தடவினார். “தப்பா எடுக்க வாணாம். ஒங்கட பக்கமிருந்து ஒரு வாடை வருது. பொஞ்சாதி மஸீனாக்கு இது மாசமா இருக்குற நேரம், சாப்புட ஏலாம ஓங்காளிக்கிறா. நீங்கதானே எங்களுக்கு இதெல்லாம் படிச்சுத் தந்த.”

பூமி பிளந்தால் உள்ளே இறங்கியிருப்பேன். பிள்ளையையும் விசாரித்தார், குப்பையையும் விசாரித்தார். நாளைக்குப் பார்க்கிறேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வியாழன் மத்தியானம் டெலிபோன் அடித்தது. கொக்குவிலிலிருந்து இரஞ்சிதத்தின் தமையன். ஆமிக் காம்புக்குக் கிட்ட வரிசையில் நின்று கோல் எடுக்கிறாராம், இரண்டு நிமிடந்தானாம். ரிசீவரை அவளே பிடித்திருந்தாள். அவருடைய குரல் எனக்கும் கேட்டது.

“தம்பி நிரூபன் இஞ்ச வரேல்லை, பிள்ளை. நாங்கள் அவன் வெளிக்கிடேல்லையாக்கும் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்...”

லைன் அறுந்தது. அவள் ரிசீவரை வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நான் கதைக்கத் தொடங்கினேன். வன்னிக்குள் மறிபட்டிருப்பான், கிளிநொச்சியில் எத்தனை ஆயிரம் சனம் அப்படி நிற்கிறது, அங்கே போன் இல்லை, சேர்ச்சிலோ பள்ளிக்கூடத்திலோ இருப்பான், பாதை திறந்ததும் வருவான். அடுக்கிக்கொண்டே போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் சுகாதாரப் பரிசோதகர். யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்கள். மர்சூக் இல்லை, அது எனக்குத் தெரியும். வேறு யாரோ. மூக்கைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு குசினியைப் பார்த்தார். படித்த மனிதர், அரச உத்தியோகத்தர், நீங்களே இப்படிச் செய்தால் எப்படி என்று கேட்டார். வழக்கென்று கோட்டுக்குப் போக வேண்டி வரும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

அவர் போன பிறகு எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியாது. பாதையைப் பூட்டியவர்கள் மேலா, திறந்து வைத்துப் பிள்ளையை உள்ளே விட்டவர்கள் மேலா, நல்லூர் முருகன் மேலா? அவர்கள் யாரும் என் கைக்கு எட்டவில்லை. எட்டியது இரஞ்சிதம்.

“போதும்!” என்று கத்தினேன். “இந்த விசர்க் கூத்து போதும்! ஊர் காறித் துப்புது. இந்த நாத்தத்தைக் கட்டிக்கொண்டு இருந்தா பிள்ளை வந்திடுவானோ? சொல்லும் பாப்பம், வந்திடுவானோ?”

அவள் பதில் சொல்லவில்லை. என்னோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் பதில் சொல்லாமல் விட்ட ஒரே சண்டை அதுதான். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் முன் விறாந்தைக் கண்ணாடியில் சவரம் செய்துகொண்டிருந்தேன். என்னவோ ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருந்தது. யோசித்தேன், பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது: நாறவில்லை. பினாயில் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். வீடு கூட்டியிருந்தது. கூட்டிக் கழுவியிருந்தது, சீமெந்து நிலம் ஈரமாகப் பளபளத்தது. மூலையில் குவிந்திருந்த தூசி இல்லை. குசினியில் பச்சையும் நீலமும் செம்மஞ்சளும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன.

கீழே லொறி உறுமும் சத்தம் கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். இரஞ்சிதம் படலைக்கு வெளியே நின்றாள். தலை முழுகியிருந்தாள். மயிர் நீர் சொட்டச் சொட்ட முதுகில் கிடந்தது. காலடியில் பெரிய அரிசிப் பைகள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வாய் கட்டியிருந்தாள்.

“என்னங்கம்மா, எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி வச்சிருக்கீங்க?” வீரம்மாவின் குரல். “ஐயா பாத்தா ஏசப்போறாரு.”

“ஏசமாட்டார். கொண்டு போங்கோ.”

வீடு கூட்டி, கழுவி, தலை முழுகி, குப்பை வெளியே. அதுவும் வெள்ளிக்கிழமை. அவள் குப்பையைக் கொட்டவில்லை. என் பிள்ளையை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். ஈரத்தில் வழுக்கி விழுந்து எழும்பினேன். நான் படலைக்கு வருவதற்குள் லொறி வளைவில் இறங்கிவிட்டது. அரை முகம் சோப்பு நுரை, சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, பின்னால் ஓடினேன். “நிப்பாட்டு! நவத்தன்ட! ஸ்டொப்!” என்று தெரிந்த பாஷையில் எல்லாம் கத்தினேன். மர்சூக் படலையைத் திறந்துகொண்டு வந்து, தானும் சேர்ந்து கையைத் தட்டிக் கத்தினார். ஒழுங்கை முழுக்க வெளியே வந்துவிட்டது. கீழே, முகப்புக்குக் கிட்ட, லொறி நின்றது.

“வீரம்மா, அந்தப் பைகளைத் தாரும்.”

அவள் லொறியின் பின்னால் குப்பைக்கு மேலே நின்றாள். “தரம் பிரிக்கலன்னா பரவால்லீங்கய்யா. இந்த ஒரு தடவை நாங்க பாத்துக்கிறோம்.”

“அதில்லை.” மூச்சு வாங்கியது. “மகன் பயணம் போனவன். இன்னும் போய்ச் சேரேல்லை.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஒழுங்கை மேலே, எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

“அப்ப அம்மாவ ஏன்யா தல முழுக விட்டீங்க?” என்றாள்.

நான் அப்போதுதான் அழுதேன். சோப்பு நுரையோடு, வீதி ஓரத்தில், எல்லோரும் பார்க்க அழுதேன். வீரம்மா குனிந்து, மற்றவர்களின் குப்பைகளை ஒதுக்கி, எங்கள் பைகளை ஒவ்வொன்றாக இழுத்து என்னிடம் இறக்கினாள். மர்சூக் இரண்டைத் தூக்கித் தன் வெள்ளைச் சேட்டோடு அணைத்துக்கொண்டார். அவருடைய மனைவிக்கு ஓங்காளிக்கும் நாற்றந்தான். ஏற்றத்தில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால்.

இரஞ்சிதம் படலையிலேயே நின்றாள். மர்சூக் பைகளை உள்ளே வைத்துவிட்டு, அவளைப் பாராமல் போனார்.

“ஏன் திருப்பிக் கொண்டு வாறியள்?” என்றாள்.

“ஆரப்பா உம்மை வைக்கச் சொன்னது?”

“நீங்கள்தானே நேற்றுச் சொன்னனீங்கள்.”

“நான் ஆயிரம் சொல்லுவன்!” கத்தினேன். “நான் சொல்லி எப்ப நீர் கேட்டனீர்? வெள்ளிக்கிழமை லொறி எண்டு சொன்னன், கேட்டனீரோ? பிள்ளை இந்த வருஷம் போக வேண்டாமெண்டு சொன்னன், கேட்டனீரோ? ஒரு நாளும் கேளாத மனிசி, இண்டைக்கு இதைத்தானோ கேக்கிறது?”

அவள் உள்ளே போய்க் கவிழ்த்துக் கிடந்த வாளிகளை எடுத்து வந்து குசினி வாசலில் வரிசையாக வைத்தாள். நான் முதல் பையின் கட்டை அவிழ்த்தேன். இரண்டு பேரும் குந்தியிருந்து பிரிக்கத் தொடங்கினோம். நான் நனைந்த ஒரு கடதாசியை நீல வாளிக்குள் போட்டேன். அவள் அதை எடுத்துப் பச்சைக்குள் போட்டாள். அவளுடைய தலையிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சரியா நாறுது,” என்றாள், அழுதுகொண்டே.

“நாறட்டும்,” என்றேன்.